விலை தெரிவதற்கு முந்தைய நான்கு விநாடி

சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது மாதனூர். கிழக்கே பஸ் ஏறினால் பள்ளிகொண்டா, வேலூர் என்று போய்க் கடைசியில் சென்னை ரிச்சி தெரு. மேற்கே ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு. பழைய கன்சோல், கேம் டிஸ்க், கன்ட்ரோலர் தேடி அலைபவர்களுக்கு இரண்டும் தெரிந்த இடங்கள். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் போய்விடும். ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் சம்பளத்தில் ஒரு நாள் குறையும். அதற்கு மேல் பஸ் காசு, மதியச் சாப்பாடு. இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். செலவைக் கட்டுப்படுத்த யாரும் திட்டம் போடவில்லை. நெடுஞ்சாலையின் நீளமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

இன்றைக்கு அந்தத் தூரம் ஆறு அங்குலத் திரைக்குள் சுருங்கிவிட்டது. படம் பார்க்கிறோம், தொடுகிறோம், ரகசிய எண்ணைப் போடுகிறோம். மூன்றாம் நாள் கூரியர்காரர் கூப்பிடுகிறார். வீடியோ கேம் சேகரிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. தபால்தலையும் நாணயமும் சேர்ப்பதை நல்ல பழக்கம் என்று சொல்லும் நாம் இதை மட்டும் ஏன் குற்றமாகப் பார்க்க வேண்டும்? கேள்வி வேறு. போய்விட்ட அந்தத் தூரத்துக்குப் பதிலாக எதை வைப்பது? அதற்கு முதலில் வாங்கும் ஆசை மூளையில் எங்கே, எப்போது கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். நாக்கில் இனிப்பு பட்டால் எலி உதட்டை நக்கும், கைக்குழந்தை செய்வதைப் போலவே. கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். இன்பத்தைத் தருவது டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் என்று அன்றைக்கு எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1989-இல் பெர்ரிட்ஜும் சக ஆய்வாளர் டெர்ரி ராபின்சனும் டோபமைன் நரம்புகள் அழிக்கப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். அந்த எலிகள் சாப்பாட்டைத் தேடிப் போகவே இல்லை. தட்டு பக்கத்தில் இருந்தாலும் பட்டினி கிடந்தன. ஆனால் சர்க்கரைக் கரைசலை நாக்கில் விட்டபோது, பழையபடி உதட்டை நக்கின. ருசி அப்படியே இருந்தது. தேடல் மட்டும் செத்துப்போயிருந்தது.

வேண்டும் என்ற துடிப்பும் பிடித்திருக்கிறது என்ற அனுபவமும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள். கேம் சேகரிப்பவர் இதைத் தன் அலமாரியிலேயே பார்க்கலாம். இரவு ஒரு மணி வரை தேடி, நாலு கடையில் விலை ஒப்பிட்டு, ஆர்டர் போட்டு, பார்சல் எங்கே வருகிறது என்று மூன்று நாளும் பார்த்துக்கொண்டே இருந்த அதே மனிதர், டிஸ்க் வந்ததும் அதை அலமாரியில் செருகிவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடுகிறார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிப்பதில்லை. "வாங்கினதையே ஆடல, அதுக்குள்ள இன்னொண்ணா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாங்க வைத்த ஏற்பாடு ஒன்று, ஆட வைக்க வேண்டிய ஏற்பாடு இன்னொன்று. முன்னதற்கு வேலை பார்சல் வந்ததுமே முடிந்துவிடுகிறது.

உண்மையில் அதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்புகளில் மின்முனை வைத்துப் பார்த்தார். ஒரு விளக்கு எரியும், பிறகு வாயில் கொஞ்சம் பழச்சாறு வரும். ஆரம்பத்தில் சாறு வந்தபோது நரம்பு படபடத்தது. பழகிய பிறகு விளக்கு எரிந்தபோதே படபடத்தது, சாறு வந்தபோது சும்மா இருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. 1997-இல் பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவரோடு சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஷூல்ட்ஸ் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இந்த நரம்புகள் காட்டுவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. தள்ளுபடி அறிவிப்பு வந்து செல்போன் அதிர்வது நமக்கு அந்த விளக்கு.

இந்த விளக்கு செல்போனுக்கு முன்பே உண்டு. 1990-களில் டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகள் ஊருக்கு ஊர் வந்தன. ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் விட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் பெரும்பாலும். கேசட்டின் அடிப்பக்கம் அறுபது உலோகப் பற்கள். படம் வராவிட்டால் அதில் வாயை வைத்து ஊதுவோம். அந்தக் கேசட்டுகளின் முகப்பில் '9999 இன் 1' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே மரியோ, அதே கான்ட்ரா, வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். எண்ணைக் காட்டி ஆசையைக் கிளப்பும் வித்தைக்கு இணையம் தேவைப்படவில்லை.

இப்போது விலைக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் வகைக்கு விலை 49,990 ரூபாய். அதற்கான பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 4,999. பத்து டிஸ்க் வாங்கினால் சரியாக இன்னொரு கன்சோலின் விலை. கன்சோல் வாங்க ஆறு மாதம் யோசித்து, வீட்டில் பேசி, போனஸுக்குக் காத்திருந்தவர்கள், பத்து டிஸ்கை ஒரு பேச்சும் இல்லாமல் ஒவ்வொன்றாக வாங்கி முடித்துவிடுகிறார்கள். பணம் கரைவது கன்சோலில் என்று நினைக்கிறோம். கரைவது டிஸ்கில்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பிரையன் நட்சனும் கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்டது. 26 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, திரையில் ஒரு பொருளின் படத்தை நான்கு விநாடி காட்டினார்கள். அடுத்த நான்கு விநாடி விலையோடு காட்டினார்கள். அதற்கடுத்த நான்கு விநாடியில் வாங்குவதா வேண்டாமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். கையில் கொடுத்தது உண்மையான பணம். படத்தைப் பார்த்தபோது பிடித்த பொருளென்றால் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சின்னப் பகுதி சுறுசுறுப்பானது. விலை வந்து அது அதிகமாகப் பட்டால் இன்சுலா என்ற பகுதி கிளம்பியது. உடம்பில் வலி, அருவருப்பு போன்றவற்றோடு தொடர்புடைய பகுதி அது. லாப நஷ்டம் பார்க்கும் நெற்றிப் பகுதியில் செயல்பாடு குறைந்தது. யார் வாங்குவார்கள், யார் விட்டுவிடுவார்கள் என்பதை, பொத்தானை அழுத்தும் முன்பே இந்த மூன்றையும் வைத்து ஓரளவு சொல்ல முடிந்தது.

ஆசை முதல் நான்கு விநாடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, விலை பிறகுதான் வருகிறது என்பது இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் கொடுப்பதில் ஒரு வலி இருக்கிறது. அதுதான் நம் இயற்கையான பிரேக். கடைக்காரர்கள் நூறு வருடமாகச் செய்துவருவது, அந்த வலியை மழுங்கடிப்பதுதான். எம்.ஐ.டி.யில் டிராசன் பிரேலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் நிர்வாகவியல் மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ஒரு பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மறு பாதி கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2001-இல் வந்த ஆய்வு இது. அதே டிக்கெட், அதே மாதிரி மாணவர்கள். மாறியது பணம் போகும் வழி.

இந்தியாவில் ஒரு வினோதம் நடந்தது. கார்டில் ஆன்லைனில் கட்ட, கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று 2009-இலேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அதை அடிக்க வேண்டும். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் ஓ.டி.பி. வருவதற்குள் எத்தனை பேர் மனம் மாறியிருப்பார்கள்! 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் அந்த இடைவெளி நாலு இலக்கமாகவோ ஆறு இலக்கமாகவோ சுருங்கியது. 2022-இல் யு.பி.ஐ. லைட் வந்து, சின்னத் தொகைகளுக்கு அந்த இலக்கமும் வேண்டாம் என்றாகிவிட்டது. டீக்கடைக்கு அருமையான வசதி. கேம் வாங்கும் கணக்கில் இந்த வசதியை வைக்காமல் இருப்பது நல்லது. கூகுள் பிளேயில் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு கேட்கும்படி வைக்கலாம். கடைகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிடலாம். பர்ஸ் அடுத்த அறையில் இருந்தால், எழுந்து போய் எடுத்து வருவதற்குள் இன்சுலாவுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

சேகரிப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு வியாதி உண்டு. ஒரு வரிசையில் ஏழு கேம் என்றால், ஐந்து கையில் வந்தபின் மீதி இரண்டுக்கு எந்த விலையும் நியாயமாகத் தெரியும். உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே பார்த்தார்: தீனி நெருங்க நெருங்க எலியின் ஓட்டம் வேகமாகிறது. 2006-இல் ரான் கிவெட்ஸ் குழுவினர் கொலம்பியா பல்கலைக்கழகக் காபிக் கடையில் இதை மனிதர்களிடம் சோதித்தார்கள். சிலருக்குப் பத்துக் கட்டம் உள்ள அட்டை. பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு காபி இலவசம். வேறு சிலருக்குப் பன்னிரண்டு கட்டம், இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. இரண்டு அட்டைக்கும் குடிக்க வேண்டிய காபி பத்துதான். ஆனால் பன்னிரண்டு கட்டக்காரர்கள் அட்டையைச் சீக்கிரம் முடித்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் வந்துவிட்டோம் என்ற மயக்கம். எந்த வரிசையை முழுசாக்குவது என்ற முடிவை முதல் டிஸ்க் வாங்கும்போதே எடுக்க வேண்டும், ஐந்தாவது கைக்கு வந்தபின் எடுக்கும் முடிவு நம்முடையதாக இருப்பதில்லை.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்துக்குத் தெரிந்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். தோல் மண்டியில் செலக்‌ஷன் பார்ப்பவர் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, மேல்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு. ஒவ்வொன்றுக்கும் தரம் இறங்கும், விலை இறங்கும். கேம் சேகரிப்பவரும் டிஸ்கின் அடிப்பக்கத்தை விளக்கில் சாய்த்துக் கீறல் பார்க்கிறார், பெட்டியின் முனை மடிந்திருக்கிறதா, கையேடு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறார். கண் இரண்டு பேருக்கும் கூர்மைதான். ஆனால் செலக்‌ஷன்காரருக்குப் பின்னால் ஒரு ஆர்டர் இருக்கிறது. இத்தனை சதுர அடி, இந்தத் தரம், இந்த மாதம். ஆர்டர் இல்லாமல் எடுத்துப் போட்ட சரக்கு டெட் ஸ்டாக், அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி ஓடும். இதை ஆம்பூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே ஊர்க்காரர் வீட்டு அலமாரியில் பிரிக்காத டிஸ்குகளை அடுக்கும்போது மட்டும் அந்த வார்த்தையை மறந்துவிடுகிறார். 2014-இல் ஆர்ஸ் டெக்னிகா இதழ், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்குகளை அலசியபோது, மக்கள் வைத்திருந்த கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒரு முறைகூடத் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. தோல் வியாபாரத்தில் இப்படி ஸ்டாக் வைத்தால் வங்கியிலிருந்து ஆள் வந்துவிடும்.

ஆகவே அலமாரியில் இருப்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, வாங்கிய விலையையும் ஆடிய மணி நேரத்தையும் பக்கத்தில் போடுவது நல்ல பயிற்சி. 4,999 ரூபாய் கேமை ஐம்பது மணி நேரம் ஆடினால் மணிக்கு நூறு ரூபாய். ஆடவே இல்லை என்றால் வகுக்க முடியாது, கணக்கே நின்றுவிடும்.

அடுத்து, காத்திருப்பு. கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஆய்வு இது. பொருளாதார ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1987-இல் மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்: உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் உங்களுக்கு ஒரு முத்தம் தருவார் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள்? இப்போதே, மூன்று மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, மூன்று நாள் கழித்து என்று வெவ்வேறு காலக்கெடு. அதிக விலை கிடைத்தது மூன்று நாள் கழித்து வரும் முத்தத்துக்கு. நல்லது ஒன்று வரப்போகிறது என்ற நினைப்பை ருசித்துக்கொண்டிருக்க மனிதர்கள் காசு கொடுக்கத் தயார்.

கேம் கம்பெனிகள் முன்பதிவு என்ற பெயரில் விற்பது இந்த ருசியைத்தான். ஆனால் இது இலவசமாகக் கிடைக்கக்கூடிய சரக்கு. விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், அதே எதிர்பார்ப்பு, அதே பேச்சு, அதே டிரெய்லர், செலவு மட்டும் இல்லை. பெரும்பாலான கேம்கள் ஒரு வருடத்துக்குள் தள்ளுபடிக்கு வருகின்றன. நின்டெண்டோவின் சொந்த கேம்கள் மட்டும் பிடிவாதமாக விலை இறங்காது. ஸ்டீமில் வாங்கிவிட்டாலும், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. பலருக்குக் கேட்கக் கூச்சம். யாரிடம் கூச்சம்? எதிரே இருப்பது ஒரு படிவம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைக்கும் 'லூட் பாக்ஸ்' விஷயத்தில் எனக்குத் தயவே இல்லை. எப்போது பரிசு விழும் என்று தெரியாவிட்டால் பிராணி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இலேயே புறாக்களை வைத்து விரிவாக எழுதிவிட்டார்கள். பெல்ஜியம் 2018-இல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. கைக்கு வராத உடைக்கும் துப்பாக்கி நிறத்துக்கும் பணம் போட்டவர்களுக்கு இங்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 2021-இல் வந்த பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. டிஸ்க் வைத்திருப்பவரின் அலமாரியை எந்த அறிவிப்பும் காலி செய்யாது. சேகரிப்பதுதான் நோக்கம் என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பட்ஜெட்டுக்கு வருவோம். மன உறுதியை நம்பிப் போடும் பட்ஜெட் தீபாவளி போனஸ் வரைக்கும்தான் தாங்கும். போனஸுக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். மாதச் சம்பளத்திலிருந்து கேம் வாங்க யோசிப்பவர், அதே தொகை போனஸாக வந்தால் யோசிப்பதில்லை. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்று விளக்கினார். ஒவ்வொரு பணத்துக்கும் மனதுக்குள் தனித்தனி டப்பா. அவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் அரிசி டப்பா, பருப்பு டப்பா என்று பணத்தைப் பிரித்து வைத்ததற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. இந்த டப்பா புத்தியை எதிர்த்துச் சண்டை போடாமல் பயன்படுத்திக்கொள்வது சுலபம். கேமுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு யு.பி.ஐ., சம்பளம் வந்த அன்றே அதில் ஒரு தொகை. அது தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது.

பணத்தைத் தானே எட்ட முடியாத இடத்தில் வைப்பது பலன் தருமா என்று பிலிப்பைன்ஸில் ஒரு கிராமப்புற வங்கியோடு சேர்ந்து நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் சோதித்தார்கள். இலக்குத் தொகையோ தேதியோ வரும் வரை எடுக்க முடியாத கணக்கு. வட்டி சாதாரணக் கணக்கைவிட ஒரு பைசா கூட அதிகமில்லை. ஆனாலும் கேட்டவர்களில் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு கழித்து, இந்த வாய்ப்புத் தரப்பட்ட குழுவின் சேமிப்பு, தரப்படாத குழுவைவிட 81 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. 2006-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது, இதைத்தானே நம் ஊரில் சீட்டு என்கிறோம் என்று தோன்றியது. மாதா மாதம் கட்டியே ஆக வேண்டும், கட்டாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். தள்ளுபடிக்கு ஏலம் விடுவது பிடிக்காதவர்களுக்குக் குலுக்கல் சீட்டு. கன்சோல் வாங்க வேண்டுமா, இ.எம்.ஐ.யைவிட அதற்கென்று ஒரு சீட்டு மேல். தெரிந்தவர்கள் நடத்துவதாக இருந்தால்.

கடன் வாங்கிக் கேம் வாங்குகிறோம், வீட்டில் மறைக்கிறோம், தூக்கமும் வேலையும் போகிறது என்கிற நிலையில் இந்த அத்தியாயம் போதாது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழப்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014-இலிருந்து 'ஷட்' என்ற கிளினிக் நடக்கிறது. மாதனூரிலிருந்து அதற்கும் அதே மேற்குப் பக்க பஸ்தான்.

மற்றவர்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி, ஒன்றை விற்று ஒன்றை வாங்குவது. சொல்லச் சுலபம். கானெமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990-இல் காபிக் கோப்பைகளை வைத்துக் காட்டினார்கள்: கையில் கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இந்தப் பாசம். வருடக்கணக்காக அலமாரியில் இருக்கும் டிஸ்குக்குக் கேட்க வேண்டுமா? "இது ஒரு முதலீடு" என்பார்கள். 2021 ஜூலையில் 'சூப்பர் மரியோ 64' கேமின் ஒரு பிரதி 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேம் அது. விலை போனது, பிரிக்கவே பிரிக்காத, முனை மடங்காத அந்த ஒரு பெட்டிக்கு. ஆடிய டிஸ்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

விற்கப் போனால் மற்றவர்கள் கேட்கும் விலையை வைத்து விலை சொல்லாதீர்கள். அவர்களுக்கும் அதே கோப்பைப் பாசம். இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய பொருள் விளம்பரங்களில் தெரிவது கேட்கும் விலை மட்டும்; மூன்று மாதமாக ஒரே விலையில் தொங்கும் விளம்பரத்துக்கு அந்த விலையில் ஆள் கிடைக்கவில்லை என்று பொருள்.